வெளிநாட்டாரும் எங்கள் வாயில்லா ஜீவன்களும்

கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் சமைக்கிற வேலை என்றால் உப்பு, காரம் பார்த்துப் போட்டால் போதும் என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். என்னைப் போல ஏமாந்து சேர்ந்தவர்கள் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மெஷின் மாட்ட வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எங்கள் கெஸ்ட் ஹவுஸில்தான் தங்குவார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து காலையில் ரயிலேறி வந்து நான் சமைக்கிறேன். இடுப்பு ஒடிந்து வீட்டில் கிடக்கும் என் வீட்டுக்காரருக்கும் சேர்த்து இந்தச் சம்பளம்தான் சோறு. சமையலில் இன்றுவரை ஒரு குறை வந்ததில்லை. வந்த குறையெல்லாம் பல்லியாலும் காக்கையாலும்தான்.

பல்லி

ஜெர்மனிக்காரர் ஒருவர், ஆறடிக்கு மேல் ஆள், கட்டிலின்மேல் ஏறி நின்றுகொண்டு சுவரைக் காட்டினார். பல்லி. அதை அடித்துப் போட்டால்தான் இறங்குவேன் என்று சைகை. பல்லியை அடிக்கிற கை எனக்கு இல்லை. பாவம் யார் சுமப்பது? துடைப்பத்தால் ஓட்டினேன். அது வராந்தா வழியாக ஓடி அடுத்த அறைக்குள் நுழைந்தது, நானும் பின்னாலேயே ஓடினேன்.

அங்கே இருந்தவர் ஜப்பான்காரர். துடைப்பத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றுவிட்டார். பிறகு கைப்பேசியில் ஏதோ பேசினார். அது அதை மேடைப் பேச்சுத் தமிழில் மொழிபெயர்த்து எனக்குச் சொன்னது. ஜெர்மனிக்காரர், பூச்சி பிடித்த அறை என்று ஆபீஸில் புகார் கொடுத்துவிட்டார். ஜப்பான்காரர் கைப்பேசி சொன்னதை மேனேஜரிடம் அப்படியே ஒப்பித்தேன், அவர் நம்பவில்லை. அது சொன்னது இதுதான்: "அதை விரட்ட வேண்டாம். எங்கள் நாட்டில் அது வீட்டைக் காவல் காக்கும்."

காக்கை

அமாவாசையன்று மாமனாருக்குப் படைப்பது என் பொறுப்பு. பகலில் வீட்டில் இல்லாததால் கெஸ்ட் ஹவுஸ் மதில்மேல்தான் காக்கைக்குச் சோறு வைப்பேன். காக்கை எடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு இலை. அன்றைக்குப் பார்த்து ஒரு காக்கையும் வரவில்லை. கோழிக்கடைப் பக்கம் போயிருக்கும். கா கா என்று கத்திக் கத்தி என் தொண்டை வறண்டது. உள்ளே பிரான்ஸ்காரர் தட்டை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதோ வந்துடும் என்று நாலு தடவை சொன்னேன். கடைசியில் அவர் ரொட்டியைத் தின்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் பிரான்ஸ்காரர் கொடுத்த புகாரோடு மேனேஜர் வந்தார். என் மகன் வயதுதான். இன்னொரு புகார் வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று தெளிவாகச் சொன்னார். மாமனார் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அந்தாளு பிரான்ஸ்லேர்ந்தே வந்து சேர்ந்துட்டாரு, உங்க மாமனாரு பின்பக்க மரத்துலேர்ந்து வர்ற வரைக்கும் அவர் பட்டினி கெடக்கணுமாம்மா?"

மாடு

அதற்குப் பிறகு எந்த உயிரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று இருந்தேன். மதியத்தில் கேட்டுக்கு வரும் மாட்டுக்குக் காய்த்தோல் போடுவதை மட்டும் விடவில்லை. ஹாலந்திலிருந்து வந்த அம்மாளின் அப்பா மாட்டுப்பண்ணை வைத்திருப்பவராம். எங்கள் மாடு மதிலில் ஒட்டிய சினிமா போஸ்டரைக் கிழித்து நிதானமாக மென்று தின்றதைப் பார்த்துவிட்டு அந்தம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தொட்டுக் கும்பிட்டதைப் பார்த்து, கும்பிடுகிற மாட்டுக்கு ஏன் புல் போடவில்லை என்று கேட்டார். வாட்ச்மேன் முனுசாமி அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். அவர் போக்கில் அந்தம்மாளின் கைப்பேசியிடம் குனிந்து சொன்னார்: "இந்த மாட்டுப் பாலத்தான் மேடம் நீ தெனம் காபில ஊத்திக்கினு குடிக்கிற."

ஊருக்குப் போகும்வரை அந்தம்மாள் குடித்தது கறுப்புக் காபிதான். நல்லவேளை, புகார் கொடுக்கவில்லை.

நாய்

டைகர் என் நாய் இல்லை. கேட்டில் படுத்திருக்கும், மிஞ்சியதைப் போடுவேன், அவ்வளவுதான். கொரியாக்காரர் வருகிறார் என்றதும் முனுசாமி அண்ணன் டீக்கடையில் கேட்ட கதையோடு வந்தார். அவர்கள் நாயைத் தின்பார்களாம். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து டைகரைப் பின்னால் இருக்கும் மோட்டார் ரூமில் போட்டுத் தாழ்ப்பாள் போட்டோம். தயிர்சாதம் வைத்தேன், விரிக்கச் சாக்கும் போட்டேன். அது அழுத அழுகை இருக்கிறதே, மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மறுநாள் கொரியாக்காரர் சத்தம் வந்த திசையில் நடந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார். யார் அடைத்தது என்று கேட்டதும் முனுசாமி அண்ணன் தன் தடியாலேயே என்னைக் காட்டினார்.

மேனேஜர் வந்துவிட்டார். ஏன் அடைத்தேன் என்று கேட்கிறார். உண்மையைச் சொன்னால் விருந்தாளிக்கு அவமானம், சொல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. கடிக்கிற நாய் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன டைகர் அதே நேரத்தில் கொரியாக்காரர் காலடியில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுகிறது. வேறு வழியில்லாமல் மேனேஜர் காதோடு, இவங்க நாயைத் தின்னுடுவாங்கன்னு சொன்னாங்க சார், என்றேன். கொரியாக்காரர் கையில் இருந்த கைப்பேசி அதையும் கேட்டுக்கொண்டு கொரிய மொழியில் உரக்கச் சொல்லிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கம்பளிச் சட்டை போட்டுக் குழந்தை வண்டியில் உட்கார்ந்திருந்தது அவருடைய நாய். அதெல்லாம் தாத்தா காலத்துப் பழக்கம், நான் தொட்டதில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்துப் பேசினார், கைப்பேசி தமிழில் சொன்னது: "நான் தின்றுவிடுவேன் என்று பயந்து இதைக் காப்பாற்றினீர்கள். அப்படியென்றால் இது உங்கள் நாய்தானே?" புகாரெல்லாம் வேண்டாம், இந்தம்மாவே நாயைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று மேனேஜரிடம் சொல்லி முடித்துவிட்டார். வண்டியில் ஏறும்போது மேனேஜர் சொன்னார்: "வேலை போகலைம்மா, கூடியிருக்கு. இனிமே அதுக்கும் சேர்த்து உலை வையுங்க."

எத்தனை தேசத்து மனுஷர்களுக்கு வேண்டுமானாலும் ஒரே சாம்பாரை ஊற்றிச் சமாளித்துவிடலாம், வாசலில் நிற்கும் ஒரு ஜீவனை அவர்களில் யார் கும்பிடுவார், யார் அலறுவார், யார் என் தலையில் கட்டிவிட்டுப் போவார் என்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை.