மிலானில இருந்து வந்த வளைவுப் புத்தகம்

எனக்குப் பொறாமைதான். வேற என்ன பேர் வைக்கிறது?

கொழும்பு கொட்டாஞ்சேனையில எங்கட மாதா கோயில் திருநாளுக்கு வருசா வருசம் ரோட்டு முகப்பில ஒரு அலங்கார வளைவு கட்டுவினம். மரச்சட்டம், பிளைவுட், ரெஜிபோம் எண்டு சொல்லுற வெள்ளை நுரை அட்டை. மாதாவின்ர சுரூபப் பவனி அதுக்குக் கீழால போகும். மூண்டாம் நாள் கழட்டிப்போடுவினம். அதுக்குப் படம் கீறிக் குடுக்கிறது நானும் என்ர கூட்டாளியும். ரெண்டு பேரும் ஒண்டாத்தான் படவரைஞர் படிப்புப் படிச்சனாங்கள். ஆனா மூண்டு வருசமா திருநாள் கமிட்டி அவன்ர படத்தைத்தான் எடுத்தது. நான் வெள்ளவத்தைக்கு வீடு மாறினதோட என்னை ஆக்கள் மறந்தே போச்சினம். இந்த வருசம் என்ர வளைவு நிக்கோணும், அவன் அதைப் பார்த்து வேகோணும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.

அதுக்குள்ள மிலானில இருக்கிற அவன்ர அக்கா ஒரு புத்தகம் அனுப்பிப்போட்டா. நானூறு ஐந்நூறு வருசத்துக்கு முந்தி அங்க அரசர்மார் நகரத்துக்குள்ள வரேக்க கட்டின வெற்றி வளைவுகள். செப்புத் தகட்டில செதுக்கி அச்சடிச்ச பழைய புத்தகத்தை, பக்கம் பக்கமாப் படம் பிடிச்சுத் திருப்பிப் போட்ட பதிப்பு. அந்த வளைவுகளும் எங்கட மாதிரி மரமும் சீலையும்தானாம், விழா முடியக் கழட்டினதாம். எண்டாலும் ஒவ்வொரு தூணும், சிறகு வைச்ச ஒவ்வொரு பெண்ணும் மயிரிழைக் கோட்டில இண்டைக்கும் இருக்கு. நான் கீறினது ஒண்டாவது எங்கயும் இருக்கோ? நான் போன வருசம் குடுத்த படத்தில கமிட்டிக்காரர் வடை சுத்தினவை.

"கையைக் கழுவிப்போட்டுத் தொடு மச்சான்," எண்டான். இரவல் கேட்டன். "இஞ்ச இருந்து பார், எத்தினை நாளும் வா." எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. அவன் தேத்தண்ணி போட உள்ள போன நேரம், ஆக வடிவான பக்கத்தை ஃபோனில படம் எடுத்தன். களவு எண்டு தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தன்.

அதைப் பார்த்து அப்பிடியே கீறி, அவனுக்கு முந்திக் கமிட்டியிட்டக் கொண்டுபோய்க் குடுத்தன். கமிட்டிக்கு உடனேயே பிடிச்சுப்போச்சு. ஒரு கோடும் விடாமல் கீறியிருந்தன்; வலப்பக்கத் தூணில இருந்த வட்டப் பதக்கத்தைக்கூட, எழுத்தோட, ரெஜிபோமில நானே வெட்டித் தங்கப் பூச்சடிச்சு ஒட்டினன்.

திருநாளண்டு பின்னேரம் அவன் வந்து அண்ணாந்து பார்த்தான். அவன்ர முகம் சுருங்கிறதைப் பார்க்கத்தானே இவ்வளவும் செய்தனான்! சுருங்கேல்ல. கிட்ட வந்து மெல்லமாச் சொன்னான்: "மச்சான், அந்த வட்டம் வளைவில உள்ளதில்ல. அங்கத்தைய நூலகக்காரர் அந்தப் பழைய புத்தகத்தில குத்தின சீல்."

ஐயோ மாதாவே! வண்டிச் சில்லு அளவில தங்கச் சீல், நடு ரோட்டில. பவனி வெளிக்கிட இன்னும் அரை மணித்தியாலம்கூட இல்ல. அவனே ஏணியை இழுத்துச் சாத்தி ஏறி, செவ்வந்தி மாலையால அதைச் சுத்தி மூடினான். கமிட்டித் தலைவர் கீழ நிண்டு, "என்ன தம்பி, படத்தில இல்லாததெல்லாம் கட்டுறீர்?" எண்டார்.

"படத்தில இருக்கு ஐயா. இவன்தான் கீறினவன், பூ வைக்க மறந்துபோனம்," எண்டு என்னைக் காட்டினான்.

வளைவு சோக்கா இருக்கெண்டு சனம் வந்து என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கிச்சினம். நான் ஏணியால இறங்கிறவனைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டன். புத்தகத்தை விடு, வளைவை விடு. இப்பிடி ஒரு மனசு இவனுக்கு மட்டும் எப்பிடி வந்தது எண்டுதான் இப்ப எனக்குப் பொறாமை.