அலகு வெட்டாத கோழிகள்

அறுபதுகளின் நடுவில், புவனகிரியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கோழிப்பண்ணை வைத்தோம். என் கணவருக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை. வட்டார அலுவலகத்தில் வெள்ளை முட்டைக்கோழி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஓலைக் கொட்டகை போட்டுக் குஞ்சுகளை வாங்கி வந்துவிட்டார். ஆனால் அவருக்குக் கோழியைத் தொட்டாலே கூசும். அதனால் பண்ணை அவருடையது, கோழிகள் என்னுடையவை என்று ஆகிப்போனது.

தரையில் கடலைத் தோலைப் பரப்பி, தவிடும் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கலந்து தீனி போடுவேன். என் சத்தம் கேட்டால் கம்பி வலைக்கு ஓடிவந்து நிற்கும். முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை.

பிறகு சிதம்பரத்தில் ஒரு ஓட்டல்காரர் தினமும் முட்டை வேண்டும் என்றார். என் கணவர் இன்னும் அவ்வளவு குஞ்சுகளை வாங்கினார். அவை வளர்ந்ததும் அதே கொட்டகையில் விடச் சொன்னார்.

"எடம் பத்தாதே மச்சான்" என்றேன்.

"கோழிதான. ஒண்டிக்கும்."

ஒண்டவில்லை. ஒன்றின் வாலை ஒன்று கொத்த ஆரம்பித்தது. இறகு போன இடத்தில் ரத்தம் தெரிந்தால் போதும், எல்லாம் அங்கேயே வந்து விழும். ஒரு காலையில் கதவைத் திறந்தபோது மூலையில் ஒரு கோழி முதுகு கிழிந்து கிடந்தது. உயிர் இருந்தது. மற்றவை அதன்மேல் ஏறி நின்று கொத்திக்கொண்டிருந்தன.

வட்டார அலுவலகத்திலிருந்து கோழி வளர்ப்புக்கான அலுவலர் வந்தார். நல்ல மனிதர். எது கேட்டாலும் பொறுமையாகச் சொல்வார்.

"பெரிய பண்ணைங்கள்ல இது சகஜம்தாம்மா. அலகு நுனிய வெட்டிட்டா கொத்தாது. நாம நகம் வெட்டிக்கிற மாதிரிதான்."

கரி அடுப்பில் இரும்புத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சினார். என் கணவர் தள்ளி நின்றார். கோழியைப் பிடித்துக்கொண்டது நான். அலகில் தகடு பட்டதும் புகை வந்தது, கொம்பு தீயும் நாற்றம் வந்தது. அந்தக் கோழி கத்திய மாதிரி அதற்கு முன் எந்தக் கோழியும் கத்திக் கேட்டதில்லை. அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. நகம் வெட்டினால் யாரும் அப்படித் துடிப்பதில்லை.

நாலைந்து கோழிகளுக்குப் பிறகு, "போதும் சார்" என்றேன்.

"இன்னும் நெறைய இருக்கேம்மா."

"இருக்கட்டும். மிச்சத்துக்கு வேணாம்."

அவர் என் கணவரைப் பார்த்தார். இவருக்கு முகம் சிறுத்துப்போயிற்று. சமாதானமாக ஏதோ சொல்லி அவரை அனுப்பிவைத்தார்.

வெட்டுப்பட்ட கோழிகள் பசியோடு தீனித் தட்டுக்கு வரும். ஒருமுறை கொத்தும். உடனே பின்வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். தீனியைத் தண்ணீரில் குழைத்து, ஆழமான சட்டியில் வைத்தேன். மெதுவாக அதைத் தின்றன.

சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர் கோபமாகத்தான் பேசினார்.

"அறுத்துத் திங்கிறவுங்கதான நாம? மூக்கு நுனிக்குப் போய் இவ்ளோ பேச்சா?"

"அறுக்கறப்போ அல்லா பேரால பிஸ்மி சொல்லி அறுக்குறோம். இதுக்கு என்னத்தச் சொல்றது?"

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"அப்ப என்னதான் செய்யணுங்கிற?"

"பாதிய வெளியில விடணும்."

"முட்ட கொறையும். ஓட்டல்காரரு கேப்பாரு."

"கேக்கட்டும்."

மறுநாளே ஆள் வைத்துக் கொல்லையைச் சுற்றி முள்வேலி போட்டேன். பருந்துக்குப் பயந்து, பரங்கிப்பேட்டையிலிருந்து கிழிந்த மீன்வலை வாங்கிவரச் சொல்லி மேலே கட்டினேன். கோழிகள் ஏறி உட்கார மூங்கில் கட்டினேன். கீரைக்கட்டுகளை எட்டியும் எட்டாமலும் தொங்கவிட்டேன். பாதிக் கோழிகளை அங்கே திறந்துவிட்டேன். வேலையில்லாமல் நெருக்கியடித்து நின்றதுதான் கொத்தலுக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றியது. அது சரியாகவும் இருந்தது. கொத்தல் அடியோடு நிற்கவில்லை, ஆனால் ரத்தம் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது.

ஒரு மாதம் போயிருக்கும். வேலிக்கடியில் கீரி மண்ணைப் பறித்து வந்து இரண்டு கோழிகளைக் கொன்றுவிட்டது.

"கொட்டாயிக்குள்ள இருந்திருந்தா உசுரோட இருந்திருக்கும்" என்றார் இவர்.

உண்மைதான். அதனாலேயே அது என்னைச் சுட்டது. அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. ஆனாலும் கோழிகளைத் திரும்ப உள்ளே அடைக்கவில்லை. உடைந்த செங்கல்லாக வாங்கி, வேலியோரம் நெடுகப் பள்ளம் எடுத்துப் புதைத்தேன். கை கொப்பளித்தது.

எப்படி வைத்தாலும் மற்றதைக் கொத்திக்கொண்டே இருந்த கோழி ஒன்று இருந்தது. அதை அறுத்துவிடலாம் என்று நானே சொன்னேன். அன்று குழம்பு பரிமாறும்போது கேட்டார்.

"இதும்மேல ஒனக்குப் பாவம் வரலியா?"

"வந்துச்சு. கொத்து வாங்குனதுங்க மேல அதவிட ஜாஸ்தி வந்துச்சு."

சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். வெட்டுப்பட்ட கோழிகளின் அலகு மட்டும் சரியாக வளரவே இல்லை. மேலது கட்டையாகவும் கீழது நீண்டும், கடைசிவரை தானியம் பொறுக்க முடியாமல் சட்டித் தீனியிலேயே இருந்தன.

முட்டை குறைந்ததும் ஓட்டல்காரர் வேறு பண்ணைக்குப் போய்விட்டார். இவருக்கு அந்த வருத்தம் பல நாள் இருந்தது. முட்டைகளைக் கடையிலேயே வைத்து விற்றார். ஊர்க்காரர்கள் வாங்கினார்கள். பண்ணை பெரிதாகவில்லை, மூடவும் இல்லை.

அடுத்த தடவை இவர் குஞ்சு வாங்கக் கடலூருக்குப் போனபோது நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். அங்கே பெட்டிகளில் குஞ்சுகள் மஞ்சளாகக் கத்திக்கொண்டிருந்தன. எத்தனை வேண்டும் என்று இவரிடம் கேட்டார்கள். கொட்டகையில் எவ்வளவு கொள்ளும் என்பதை நான் சொன்னேன். இவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தக் கணக்குக்கே சீட்டில் கையெழுத்துப் போட்டார்.