அத்தைக்குக் குணமான கோடை

எங்கள் அத்தைக்கு வைத்தியம் சொல்லாதவர்களே கிடையாது. அப்பாவின் தங்கை அவள். ஸ்ரீரங்கத்தில் எங்களோடுதான் இருந்தாள். முழங்கையும் முழங்காலும் சிவந்து தடித்து, வெள்ளைச் செதிலாக உதிரும். சொரியாசிஸ் என்றார் திருச்சி டாக்டர். யாருக்கும் ஒட்டிக்கொள்ளாது, ஆனால் அடியோடு போகவும் போகாது என்றார். இரண்டாவது சொன்னது வீட்டில் யாருக்கும் பிடிக்காததால் டாக்டரையே மாற்றிவிட்டார்கள்.

ஒருவர் கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னார். லால்குடிப் பெரியம்மா சமயபுரத்தில் உப்பும் மிளகும் போடச் சொன்னாள். அத்தை எல்லாவற்றையும் செய்தாள். முதலில் ஆசையோடு, அப்புறம் மரியாதைக்காக, கடைசியில் மறுத்துப் பேச அலுப்பாக இருந்ததால். நாங்கள் எழுவதற்குள் தன் பாயை உதறி, அந்த இடத்தைப் பெருக்கிவிடுவாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், யாரோ வெட்பாலை இலை கொண்டுவந்து கொடுத்தார்கள். தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறும். மொட்டைமாடியில் அதைக் காக்காய் தட்டிவிடாமல் காவல் காத்தது நான். தினமும் காலையில் அத்தை அந்த எண்ணெயைத் தடவிக்கொண்டு என் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருப்பாள். சித்திரை முடிவதற்குள் அவள் கை வழவழவென்று ஆகிவிட்டது. போன கோடையில் உப்புக்கும் மிளகுக்கும் கிடைத்த பெயர் இந்தக் கோடையில் எண்ணெய்க்கும் எனக்கும் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா தாமதிக்கவில்லை. வைகாசியிலேயே ஒரு பிள்ளை வீட்டாரை அத்தையைப் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார். நோயைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. நிச்சயமானால் எனக்குப் பட்டுப்பாவாடை என்று அம்மா சொல்லியிருந்தாள்.

பிள்ளையின் அம்மாவுக்கு அத்தையைப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. நாள் பார்த்துவிடலாமா என்று அவர் கேட்டபோது, அத்தை அவர் எதிரில் போய் உட்கார்ந்து ரவிக்கைக் கையை மடித்தாள். ஒரு பொட்டுகூட இல்லாத முழங்கையை நீட்டினாள்.

“இப்போ ஒண்ணும் தெரியாது மாமி. வெயில்ல போயிடும், மார்கழியில திரும்பி வந்துடும். பத்து வருஷமா இப்படித்தான். யாருக்கும் ஒட்டிக்காது. நீங்க தெரிஞ்சுண்டு முடிவு பண்ணுங்கோ.”

“பொய்! அத்தைக்கு எல்லாம் சரியாப் போயிடுத்து!” என்று நான் கத்தினேன். யாரும் என்னை அதட்டவில்லை. பிள்ளையின் அம்மா காப்பியை நிதானமாகக் குடித்து முடித்து, கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். கடிதம் வரவே இல்லை.

அன்று அவர்கள் படியிறங்கியதுமே அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா சமையலறையில் அழுதாள். அத்தை கூடத்தில் வெறும் தரையில் படுத்து, கைகளை விரித்துப் போட்டு அசந்து தூங்கினாள்.

நம்மைக் காக்க வேண்டிய சக்தியே தவறிப்போய் நம் தோலோடு சண்டை போடுகிறது என்று இப்போது டாக்டர்கள் விளக்குகிறார்கள். அந்தச் சண்டையைவிட, ஒவ்வொரு கோடையிலும் எங்களுக்காகக் குணமானவளாக இருந்துதான் அவள் களைத்துப்போயிருந்தாள். ஒன்பது வயதில் எனக்கு அது புரியவில்லை. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டு இவளுக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்றுதான் ஆத்திரம் வந்தது. வைகாசி வெயில் கொளுத்திய அந்த மத்தியானம், அவள் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு நான் வாசலுக்குப் போய்விட்டேன்.