சாமி அறையில் வைத்த காத்தாடி

காரைக்குடியில் கடல் கிடையாது. ஆனால் தொண்டிப் பக்கம் ஓடிய விசைப்படகுகளில் பாதி, என் பட்டறையில் வார்த்த, தண்ணீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளும் காத்தாடியால்தான் ஓடின. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்ஜின் என்ன, படகு எதற்கு என்று சொன்னால் போதும், இறக்கையை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். வலை இழுக்கும் படகுக்கு அகல இறக்கை, குறைந்த முறுக்கு. வேகமாகப் போவதற்கு முறுக்கு கூடுதல். ஆகாய விமானத்திலும் இதே முறுக்குதான். அது முன்னால் நின்று காற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது, இது பின்னால் நின்று தண்ணீரைத் தள்ளுகிறது.

அறுபதுகளின் கடைசியில் முதல் வெண்கலக் காத்தாடி வார்த்தபோது, மண்ணில் பதித்து அச்செடுக்கும் மர மாதிரியில் உளி வழுக்கிய தழும்பு ஓர் இறக்கையின் அடியில் அப்படியே விழுந்துவிட்டது. உடனே மாதிரியை மெழுகால் அடைத்தேன். பிறகு வார்த்த எதிலும் அந்தத் தழும்பு இல்லை.

முதல் உருப்படியை நாங்கள் விற்பதில்லை. கூடப்பிறந்தவள் கை ராசி என்று, தேவகோட்டையில் தங்கை வீட்டுச் சாமி அறையில் பொட்டிட்டு வைத்தேன். தங்கை மாப்பிள்ளையும் பாத்திரம் வார்க்கிறவர். அவர் பட்டறைக்கு உலை போட்டுக் கொடுத்ததே நான்தான்.

சில வருஷம் கழித்து ஒரு படகுக்காரர் உடைந்த காத்தாடியை என் வாசலில் போட்டார்.

“நடுக்கடல்ல விட்டுட்டீகளேண்ணே. ஒங்க பேருக்குத்தானே வாங்குனேன்.”

“என் சாமான் ஒடையாது.”

“அப்ப இது என்ன, அப்பளமா?”

பட்டறை ஆட்களே சிரித்தார்கள். புரட்டிப் பார்த்தேன். இறக்கையின் அடியில் அந்தத் தழும்பு. என் காத்தாடி ஒன்றின்மேல் வைத்தால், இது சுற்றிலும் சிறுத்திருந்தது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அதற்காகத்தான் மர மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செதுக்குவோம். வார்த்த உருப்படியையே மண்ணில் பதித்து வார்த்தால் இப்படித்தான் சிறுக்கும். உலோகத்திலும் கண்டதைக் கலந்திருந்தார்கள். தழும்புள்ள உருப்படி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

படகுக்காரருக்கு நல்ல காத்தாடி ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டு தேவகோட்டைக்கு பஸ் ஏறினேன்.

சாமி அறையில் காத்தாடி இருந்தது, புதுப் பொட்டோடு. இறக்கை இடுக்கில் விரலை விட்டேன். வார்ப்பு மண் கருப்பாக ஒட்டியது.

“என் பேரைச் சொல்லி வித்திருக்கீக,” என்றேன் மாப்பிள்ளையிடம்.

“எம் பேரைச் சொன்னா எவன் மச்சான் வாங்குவான்?”

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். “ஒனக்குத் தெரியுமா?”

“அது பட்டறையிலருந்து திரும்பி வந்தா நாந்தாண்ணே கழுவிப் பொட்டு வப்பேன்,” என்றாள். “காப்பி ஆறுது, குடிச்சுட்டுப் போங்க.”

குடிக்கவில்லை.

அடுத்து மூன்றுக்குப் பதில் நான்கு இறக்கைக்கு மாதிரி செதுக்கினேன். இன்ஜின் அதிர்வு குறைந்தது என்று தொண்டியிலிருந்து ஆட்கள் தேடி வந்தார்கள். அதன் முதல் உருப்படி ஒரு தழும்பும் இல்லாமல் வந்தது. ஆறியதும் அதைத் திரும்ப உலையிலேயே போட்டு உருக்கிவிட்டேன்.