இடப்பக்க இருக்கையில் ஒரு டிரைவர்

எங்கள் வீட்டுக்கு அந்தச் சின்ன கார் வந்தபோது என் கணவருக்குப் பார்வை பாதிக்கு மேல் போயிருந்தது. கடலூர் – சிதம்பரம் தடத்தில் இருபது வருடத்துக்கு மேல் தனியார் பேருந்து ஓட்டியவர். சர்க்கரை முதலில் இடது கண்ணில் கைவைத்தது, பிறகு வலது கண்ணையும் விடவில்லை. எதிரே வந்த லாரி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது என்று ஒரு மாலை சொன்னார். மறுநாள் காலையில் முதலாளியைப் பார்த்து, இனிமேல் வரவில்லை என்று அவரே சொல்லிவிட்டு வந்தார்.

அதன் பிறகு வாசலைத் தாண்டுவதே அபூர்வமாகிவிட்டது. ஆட்டோ வைத்துக்கொண்டு எங்காவது போய்வரலாம் என்றால், "எவனோ ஓட்ட, நான் பின்னால குந்திக்கினு வரணுமா?" என்பார். எவனோ ஓட்டுவதுதானே சிக்கல், நானே ஓட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. நாற்பத்தாறு வயதில், நான் பாடம் எடுக்கிற பள்ளிக்கூடம் விட்டதும் கார் ஓட்டப் பழகப் போனேன். கணக்கு டீச்சர் கிளச்சை விடத் தெரியாமல் மைதானத்தில் குதித்துக் குதித்துப் போவதைப் பார்க்க என் மாணவிகள் மதில் ஓரம் நின்றார்கள். போகட்டும்.

காரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது என் தம்பி. ஒருவர் இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்த வண்டி. என் கணவர் அதன் கூரையைத் தடவிப் பார்த்தார். அவர் தோள் உயரம்தான் இருந்தது.

"மச்சான், இது வண்டியா, தீப்பெட்டியா?"

"மாமா, அப்டி சொல்லாதீங்க. பெட்ரோல் வாசனை காட்டுனா போதும், ஓடிடும்," என்றான் தம்பி.

முதல் நீண்ட பயணம் சிதம்பரத்துக்கு, கண் டாக்டரைப் பார்க்க. முதுநகர் தாண்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. சாலை காரணமில்லை, பக்கத்தில் இருந்தவர்தான் காரணம். "கியர மாத்து." "ஹாரன் அடி." "இன்னா இவ்ளோ ஓரம் கட்ற?" அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே இருந்தது.

தொழிற்பேட்டை அருகே ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே திரும்ப, நான் நிறுத்தி நியூட்ரலுக்கு வந்தேன். எஞ்சின் தானாக அணைந்தது. அவர் பதறிப்போனார்.

"போச்சு! ஆஃப் ஆயிடுச்சி. எறங்கித் தள்ளணும்!"

கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தும்விட்டார். அவர் ஓட்டிய பேருந்தில் ஒருமுறை எஞ்சின் நின்றால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். அதனால் டீ குடிக்கும்போதுகூட ஓடவிட்டுத்தான் இறங்குவார்.

"உக்காருங்க. நின்னா அதுவே அணைஞ்சிடும். பெட்ரோல் மிச்சம்," என்று கிளச்சை மிதித்தேன். எஞ்சின் சத்தமில்லாமல் உயிர் பெற்றது. அவர் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். பிறகு, "புத்திசாலி வண்டிதான்," என்றார்.

ஆனால் அந்த அமைதி நீடிக்கவில்லை. ஆலப்பாக்கம் தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தார். ஒரு லாரியை முந்தும்போது அவர் போட்ட சத்தத்தில் வண்டியை லேசாக வளைத்துவிட்டேன். ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன்.

"ஒரு ஸ்டியரிங்குக்கு ரெண்டு டிரைவர் ஆவாதுங்க. நீங்களே சொல்லுங்க, உங்க பஸ்ஸுல இப்டி எவனாவது பேசிக்கினே வந்தா என்னா பண்ணுவீங்க?"

"எறக்கி உட்ருப்பேன்," என்று முணுமுணுத்தார். அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சரியாகத் தெரியாத முன் கண்ணாடிக்கு நேரே முகத்தை வைத்திருந்தார். புதுச்சத்திரம் போனது. பரங்கிப்பேட்டை பிரிவு போனது. என் பதற்றம் போய்விட்டது, ஆனால் நிம்மதி வரவில்லை.

சக்கரத்தின் சத்தம் மாறியதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வெள்ளாத்துப் பாலமா?"

"ஆமாங்க."

"தண்ணி இருக்கா?"

அவ்வளவு மெதுவாக அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அதுவரை அவர் போட்ட சத்தமெல்லாம் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க அல்ல என்பது அப்போதுதான் புரிந்தது. தினமும் நாலு தடவை போய்வந்த சாலை கண்ணைவிட்டுப் போய்விட்டது. அதை இருட்டில் துழாவிக்கொண்டிருந்தார். வேகத்தைக் குறைத்தேன்.

"இருக்குது. கரையோட போவுது. ரெண்டு பேரு வலை போட்டுக்கினு நிக்கிறாங்க. அந்தப் பக்கம் நாணல் பூத்துக் கெடக்குது."

"எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம்."

முகத்தை ஜன்னலுக்குத் திருப்பினார். கண்ணாடியை இறக்கிவிட்டேன். காற்று வந்தது.

சிதம்பரம் வரும்வரை பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். புதிதாக முளைத்த கல்யாண மண்டபம், கோபுரம் முதலில் தெரிந்த இடம், முன்னால் போன பேருந்தின் நிறம். கீழ வீதிக்குப் பின்னால் டாக்டரின் சந்து. பெரிய கார்கள் தெருமுனையிலேயே நின்றன. எங்கள் வண்டி உள்ளே போய் வாசலிலேயே நின்றது. அவர் யார் கையையும் பிடிக்காமல் இரண்டே எட்டில் படியேறினார்.

டாக்டர் நல்ல செய்தி சொன்னார் என்று எழுத ஆசைதான். இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம் என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு அதுவே பெரிதாக இருந்தது.

வெளியே வந்தபோது அவருடைய பழைய கண்டக்டர் எதிர்ப்பட்டார். "அண்ணே! யாரு ஓட்டியாந்தது?"

"எங்க ஊட்டம்மா."

"மைலேஜ் எவ்ளோ குடுக்குது?"

காரை யார் பார்த்தாலும் கேட்கிற கேள்வி. என் கணவர் நெஞ்சை நிமிர்த்தி, "ஜாஸ்தி. வண்டியும் நல்ல வண்டி, ஓட்ற கையும் அப்டி," என்றார். முன்பு எந்த ஓட்டுநரையும் அவர் பாராட்டிக் கேட்டதில்லை.

இப்போது காரணமில்லாமலே கிளம்புகிறோம். பெட்ரோல் குடிக்கிற வண்டியாக இருந்தால் ஆசுபத்திரிக்கு மட்டும் எடுத்திருப்போம். இது அப்படியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளைக்கு, இன்னொரு ஞாயிறு குறிஞ்சிப்பாடிச் சந்தைக்கு. போன வாரம் காட்டுமன்னார்கோயில் போகிற வழியில் வீராணத்தின் கரைமேல் நிறுத்தச் சொன்னார். ஏரி நிறைந்திருந்தது. வேர்க்கடலை வாங்கிக்கொண்டு இருவரும் கதவில் சாய்ந்து நின்றோம். கரையோரம் நாரைகள் இறங்கின. நான் சொல்ல வாய் திறப்பதற்குள், "இரு, சொல்லாத," என்றார். சிறகுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.