திசையன்விளை ரயில் மேட்டில் மிஞ்சிய கல்

அந்தக் காலத்தில் நாஞ்சில் நாட்டில் ரயில் கிடையாது. அதனாலேயே ரயில் ஓடும் ஊரில் பெண் கொடுப்பது எங்கள் வீட்டில் பெரிய பெருமை. பூதப்பாண்டியிலிருந்து என் அக்கா பகவதியைத் திசையன்விளைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை கேங்மேன், தண்டவாளம் பார்க்கும் வேலை. சர்க்கரை ஆலைக்காகப் போட்ட சின்ன ரயில் அது. உடன்குடி, குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் போகும். கல்யாணம் முடிந்த கையோடு யுத்தம் வந்தது. ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். பெருமை அத்தோடு சரி.

நான் போனது 1950 பங்குனியில். அக்கா வீட்டில் அடுப்பு எரிந்து நாளாயிற்று என்று கோட்டாறு சந்தைக்கு வந்த கருப்பட்டி வியாபாரி சொல்லியிருந்தார். "அவளையும் பிள்ளையையும் கையோட கூட்டிட்டு வந்திரு மக்கா" என்று அம்மா என்னை அனுப்பினாள்.

காலை ஆறு மணிக்கு நாகர்கோவிலில் பஸ். அரிசி கடத்தலைப் பிடிக்கும் ஆரல்வாய்மொழி சோதனைச் சாவடியில், அக்காவுக்குக் கொண்டுபோன அரிசிப் பையை அவிழ்த்துப் பார்த்தார்கள், கெஞ்சி மீட்டேன். வள்ளியூர் சுமார் இருபது மைல். அங்கே பஸ் மாறினால் இன்னும் பதினேழு மைல், ரோடு என்று சொல்ல முடியாத ரோடு. எல்லாம் சேர்த்து ஒன்றரை ரூபாய்க்குள் முடிந்தது. இறங்கும்போது உச்சி வெயில். அக்கா வீடு ஊருக்கு வெளியே, பழைய ரயில் மேட்டை ஒட்டி. அந்தச் செம்மணலில் செருப்போடு நடக்க முடியாது, கழற்றினால் கால் வெந்துவிடும்.

மேட்டின் மேல் ஒருவர், தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லியைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தார். விலா எலும்பை எண்ணலாம். பக்கத்தில் போனபிறகுதான் அத்தான் என்று தெரிந்தது.

"வாங்க மாப்ள. ரோடு போடக் கல்லு கேக்காவ. கூடைக் கணக்குல கூலி" என்றார்.

"இது நீங்க போட்ட கல்லுல்லா அத்தான்?"

"நான் போட்டதுதான். அதான் எங்க கெட்டியா இருக்குன்னு எனக்குத் தெரியுது."

சிரித்தார்.

அக்கா தலையில் சும்மாட்டோடு வந்தாள். அவளும் கல் சுமந்துகொண்டிருந்தாள். பனைமர நிழலில் பிள்ளை சுருண்டு கிடந்தது.

"எக்கா, கெளம்பு. அம்மை கூட்டிட்டு வரச் சொன்னா."

"பிள்ளைய மட்டும் கொண்டு போ மக்கா. நான் வந்தா கூடை சொமக்க ஆளு ஏது? உடன்குடி வரைக்கும் கல்லு கெடக்கு. அது தீரட்டும், வாறேன்."

"தீந்த பொறவு?"

அவள் கூடையைத் தூக்கினாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பினேன். வழியெல்லாம் அது அம்மையைக் கேட்டு அழுதது.

நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் கல் தீர்ந்தது. அக்கா தனியாக வந்தாள். வேலை தேடி வடக்கே போன அத்தான் திரும்பவே இல்லை. இருந்தாரா செத்தாரா என்றும் தெரியாது. பல வருஷம் கழித்து எங்கள் பக்கத்துக்கு ரயில் வந்தபோது ஊரே பார்க்கப் போனது, அக்கா போகவில்லை.

அந்தப் பழைய தடத்தைப் பார்க்க வேண்டும் என்று உங்களில் சிலர் எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். கெட்டியான செருப்பு வேண்டும், முள் அதிகம். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். ஆனால் ஒரு கல்லாவது கிடைக்கும் என்று தேடாதீர்கள். அத்தான் எடுத்த வேலையை அரைகுறையாக விடுகிறவர் இல்லை.