அத்தை கொண்டுவந்த கம்ப்யூட்டர்

நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது அத்தை ஒரு கம்ப்யூட்டரை ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெங்களூர் தொம்மலூரில் எங்கள் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. முனையிலேயே இறங்கி, திரையை அவள் இடுப்பில் வைத்துக்கொள்ள, பெட்டியை ஆட்டோக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். கீபோர்டு எனக்குக் கிடைத்தது. சந்தில் எல்லோரும் பார்க்க வேண்டுமென்று அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமாகிக் கோலாருக்குப் போனவள், ஒன்றரை வருடத்தில் ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அவள் வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்களுக்கு ஒரு முன்னறையும் ஒரு சமையலறையும்தான். சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் போனது. அத்தை இரண்டு அறைக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ரிங் ரோட்டை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் அவளுக்கு பேன்ட்ரியில் டீ காபி போட்டுக் கொடுக்கும் வேலை. அங்கே பழைய கம்ப்யூட்டர்களை ஒதுக்கி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்களாம். டிரைவர் ஒன்று எடுத்தார், வாட்ச்மேன் ஒன்று எடுத்தார். அத்தையும் போய் நின்றாள். உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். உயிர் கொடுக்க என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு, அங்கிருந்த ஒரு கன்னடக்காரப் பையன் லினக்ஸ் என்று ஏதோ ஒன்றை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, “தும்ப சுலபா அக்கா” என்று சொல்லியனுப்பினான். மிகவும் சுலபம் என்று அர்த்தம். அந்த வாரம் முழுக்க அந்த வார்த்தையை அத்தை பலவிதமான குரல்களில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் படிப்பு மேசையை கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. பீன்யாவில் ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா, சட்டையைக் கழற்றி மாட்ட இடமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

“ஓடுதா?”

“ஓட வெச்சிடலாம்ணா.”

“இருக்கிற சாமானுக்கே இங்க இடமில்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடலைன்னா குஜிரிக்காரனைக் கூப்பிட்டுப் போட்டுடறேன்.”

குஜிரி என்றால் எங்கள் பக்கத்தில் பழைய சாமான் கடை. அப்பா கம்ப்யூட்டரைத்தான் சொன்னார். ஆனால் அத்தை ஏனோ கட்டிலுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த சூட்கேஸைக் காலால் உள்ளே தள்ளினாள்.

முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. நான் ஆங்கில மீடியம். ஆகவே வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. ‘பூட்’ செய்ய எதுவும் இல்லை என்று அது சொன்னது. எனக்குத் தெரிந்த பூட் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போவதுதான். அதை அத்தையிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, யோசித்தாள். பென்டிரைவைச் செருகி, எடுத்து, வேறு துளையில் செருகிப் பார்த்தோம். அதே வரி. மறுநாள் அலுவலகத்தில் கேட்டு வந்தாள். சுவிட்ச் போட்ட உடனே கீபோர்டில் எஃப் பன்னிரண்டு என்ற பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். முந்தித் தட்டினால் கீச்சென்று சத்தம் போட்டது. பிந்தித் தட்டினால் பழைய வரிக்கே போனது. பதினைந்து தடவையாவது போட்டு அணைத்திருப்போம். பிறகு நான் சுவிட்சைப் போட, அவள் கதவு தட்டுவதுபோல நிதானமாகத் தட்ட, திரை நிறம் மாறியது. நாங்கள் இருவரும் சத்தம் போட்டதில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

கஷ்டமே அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கேள்வி. நான் கடகடவென்று வாசிப்பேன். அர்த்தம் கேட்டால் எனக்குத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தால் புரிந்ததாக அர்த்தம் என்று அதுவரை நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் மார்க் போட்டார்கள்.

முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனபோது ஓரத்தில் மொழிகளின் பட்டியல் ஒன்று இருப்பதை அத்தை கவனித்தாள். அதில் விரலை வைத்துக்கொண்டே இறங்கியவள் ஓரிடத்தில் நின்றாள்.

“தமிழ்னு போட்டிருக்கு, பாப்பா.”

எனக்குத் தமிழ் பேச மட்டும்தான் தெரியும். அத்தை அல்சூர்ப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவள். அந்தப் படிப்பால் பெங்களூரில் பஸ் போர்டுகூட வாசிக்க முடியாது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இப்போது அவள் வாசிக்க, நான் கேட்டேன். ஆனால் அது எங்கள் வீட்டுத் தமிழ் இல்லை. கணினி, வட்டு, பகிர்வு, நிறுவு. ஒவ்வொரு சொல்லையும் அத்தை வாயில் போட்டு மென்று பார்த்தாள்.

“நிறுவு… எங்க ஸ்கூல்ல ஒரு தாத்தா போட்டோ இருந்துச்சு, கீழ நிறுவனர்னு எழுதியிருக்கும். ஸ்கூலை ஆரம்பிச்சவரு. அப்போ நிறுவுன்னா, வைக்கிறது. நிக்க வைக்கிறது.”

இப்படி ஒவ்வொரு சொல்லாக அவிழ்த்தோம். ஒவ்வொரு கேள்விக்கும் ஆங்கிலத்தில் என்ன இருந்தது என்பது எனக்கு ஞாபகமிருந்தது. தமிழில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி புரிந்தது. வட்டில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரவா என்று ஒரு பக்கம் கேட்டது. அத்தை மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“அதுல ஒண்ணுமே இல்லையே அத்தை. ஏற்கெனவே துடைச்சிட்டாங்கன்னு நீதானே சொன்ன?”

“இல்லதான்,” என்றாள். அந்த வரியை இன்னொரு முறை வாசித்தாள். “சரி, அழியட்டும்,” என்று அழுத்தினாள்.

பிறகு உலகப் படம் ஒன்று வந்து, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டது. அத்தை பெங்களூர் இருக்கும் இடத்தைக் குறிவைத்து அழுத்தினாள். கொல்கத்தா என்றது. சற்றுக் கீழே அழுத்தினாள். கொல்கத்தா. இன்னும் கீழே போனதும் கொழும்பு என்றது. பயந்துபோய்க் கொல்கத்தாவுக்கே திரும்பினோம். நாங்கள் ஏன் கொல்கத்தாவில் இருக்கிறோம் என்ற கேள்வி பல நாட்கள் என்னை அரித்தது; அது கேட்டது கடிகார நேரத்துக்காக, இந்தியா முழுவதற்கும் அந்த ஒரு பெயர்தான் என்று பின்னால்தான் தெரிந்தது.

பட்டை ஒன்று இடமிருந்து வலமாக நகரத் தொடங்கியது. முக்கால் பங்கு வந்தபோது கரண்ட் போய்விட்டது. அது சனிக்கிழமை சாயங்காலம். கரண்ட் திரும்பி வந்தபோது அதே வெள்ளை வரி. நான் அழுதேன். அத்தை எழுந்து போய்த் துணி மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சொன்னபடியே குஜிரிக்கார பாய்க்குச் சொல்லிவிட்டு வந்தார். அத்தை முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை எந்தக் கேள்விக்கும் நாங்கள் தயங்கவில்லை. கொல்கத்தாவைக்கூட ஒரே அழுத்தில் பிடித்தோம். பட்டை பாதி தாண்டியபோது பாய் வாசலில் வந்து நின்றார். சாக்குப்பையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இன்னா ஓடுது மா அதுல?”

“இன்னும் ஓடல பாய். ஓடப்போகுது,” என்றாள் அத்தை திரும்பாமல்.

அப்பா சாக்கையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து நிமிஷம் இருங்கள் என்று பாயிடம் சொன்னார். அம்மா டீ கொடுத்தாள். பாய் படியில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் நாங்கள் ஐந்து பேரும் அந்தப் பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நின்றால் அப்பா முன்னால் சாய்ந்தார், நகர்ந்தால் பின்னால் சாய்ந்தார்.

அது நகர்ந்துகொண்டிருக்கும்போதே உங்கள் பெயர் என்ன என்று திரை கேட்டது. அத்தை ஆங்கில எழுத்துகளைத் தேடித் தேடித் தன் பெயரை அடித்தாள். அடுத்தது கடவுச்சொல். நான் அதைக் கடவுள் சொல் என்று கேட்டுக்கொண்டேன். அம்மாவும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும், “சாமி பேரு எதுனா போடு,” என்றாள்.

“பாஸ்வேர்டு, அண்ணி,” என்ற அத்தை, கீழே இருந்ததையும் வாசித்தாள். “கடவுச்சொல் கேக்காம உள்ள விடலாம்னும் ஒண்ணு இருக்கு. எது வேணும்னு கேக்குது.”

“வீட்டுக்குள்ள எதுக்குப் பாஸ்வேர்டு? கேக்காமலே விடச் சொல்லு,” என்றார் அப்பா.

அத்தை மற்றதைத் தேர்ந்தெடுத்தாள். உடம்பால் கீபோர்டை மறைத்துக்கொண்டு எதையோ அடித்தாள். திரையில் புள்ளிகள் மட்டும் வந்தன.

“என்ன போட்ட?”

“அது சொல்லக்கூடாதுண்ணா.”

அப்பா பாயைப் பார்த்துச் சிரித்தார். பாய் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் திரை ஒருமுறை இருண்டு, வெளிச்சமாகி, நடுவில் அத்தையின் பெயர் வந்து நின்றது. “ஆயிடுச்சா? நல்லது மா,” என்று பாய் எழுந்தார். அப்பா சங்கடப்பட்டுக் கட்டிலுக்கு மேலிருந்த பழைய பேப்பர் கட்டு முழுவதையும் எடுத்து அவரிடம் கொடுத்தார்.

அந்தப் புள்ளிகளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. அத்தை வேலைக்குப் போன பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வந்து முயற்சி செய்வேன். எனக்குத் தெரிந்த சாமி பெயர்களையெல்லாம் அடித்துப் பார்த்தேன். என் பெயரை அடித்தேன், கோலாரை அடித்தேன். எதுவும் திறக்கவில்லை. நான் கேட்டால் அத்தை என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விடுவாள். என்னிடம் எல்லாம் சொல்லுகிறவள் இதை மட்டும் ஏன் மறைக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம்.

ஒரு நாள் குழாயில் தண்ணீர் வந்ததென்று அவள் கம்ப்யூட்டரைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். நான் உட்கார்ந்துவிட்டேன். எல்லாக் கோப்புறைகளையும் திறந்தேன். எல்லாம் காலி. ஒரே ஒரு கோப்பு இருந்தது. அதையும் திறந்தேன். உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை.

எனக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன்.

“அதுல ஒண்ணுமே இல்லம்மா. சும்மா பூட்டி வெச்சிருக்கு.”

அம்மாவின் கை நின்றது.

“ஒண்ணுமே இல்லாட்டியும் பூட்டிக்க விடுமா அது?”

“விடும்.”

அம்மா ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டாள். பிறகு, “எனக்கும் ஒண்ணு போட முடியுமான்னு உங்க அத்தையைக் கேளு,” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது. சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். அப்பா புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அம்மாவும் சிரித்தபடி அவருக்கு ரசம் ஊற்றினாள். அத்தை சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன், ஆனால் அவளுக்கு நகைச்சுவை புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கம்ப்யூட்டரைப் போட்டபோது திரையில் அத்தையின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருந்தது. ஆங்கில எழுத்தில் ‘அண்ணி’ என்று. அழுத்திப் பார்த்தேன். அதுவும் கடவுச்சொல் கேட்டது.

அம்மா அதன் முன்னால் உட்கார்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. உபயோகிக்கவே தெரியாதவளுக்கு எதற்கு இது என்று அத்தையிடம் கேட்டதற்கு, “இருக்கட்டும், பாப்பா,” என்றாள். எனக்கு மட்டும் ஒன்று போட்டுக் கொடுக்கவில்லையே என்று அன்று முழுவதும் இரண்டு பேரிடமும் பேசாமல் இருந்தேன்.